வினாநிரலுக்கு எட்டாத வாடிக்கையாளர்

ஆண்டுதோறும் இறுதிப் பருவம் தொடங்கியவுடன் இந்தியாவின் மேலாண்மைத் துறைகளில் ஒரே சடங்கு நடந்தேறுகிறது. மாணவர் ஒருவர் ஒரு சிறு வணிகத்தைத் தம் ஆய்வுக்களமாகத் தேர்ந்துகொள்கிறார். பெரும்பாலும் அது உறவினரின் துணிக்கடையாகவோ விடுதிக்கு அருகிலுள்ள பேக்கரியாகவோ இருக்கும். "இலக்கு வாடிக்கையாளர்களின் வாங்கும் நடத்தை: ஓர் ஆய்வு" என்று தலைப்பு அமைகிறது. இருபத்தைந்து வினாக்கள் கொண்ட கூகுள் படிவம் வகுப்பின் வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பப்படுகிறது. நூறு விடைகள் சேர்ந்ததும் மென்பொருள் அட்டவணைகளைப் பொழிகிறது. படிவத்தை நிரப்பியவர்களில் எத்தனை பேர் அந்தக் கடையின் படியை மிதித்தவர்கள் என்று எவரும் கேட்பதில்லை. "வசதிசார் மாதிரியெடுப்பு" என்ற தொடர் அந்தக் குறையை மூடிவிடுகிறது. முடிவுரையில் வருவது இதுதான்: வாடிக்கையாளர்கள் தரமான பொருளை நியாயமான விலையில் எதிர்பார்க்கிறார்கள், கடைக்காரர் சமூக ஊடகங்களைப் பயன்படுத்த வேண்டும்.

மாணவருக்குப் பட்டம் கிடைக்கிறது. நெறியாளரின் கணக்கில் ஓர் ஆய்வேடு கூடுகிறது. கடைக்காரருக்கு எதுவும் கிடைப்பதில்லை. ஆய்வேட்டின் ஒரு படி கூட அவர் கைக்குப் போய்ச் சேர்வதில்லை. சேர்ந்தாலும், அதில் அவர் அறியாத ஒரு வரியைத் தேடிக் கண்டுபிடிப்பது கடினம்.

இதை மாணவரின் சோம்பல் என்று ஒதுக்கிவிடலாகாது. சோம்பல் உண்டுதான், ஆனால் நேர்மையாக உழைத்து, நூறுக்குப் பதில் ஆயிரம் படிவங்களைச் சேர்த்தாலும் முடிவு பெரிதாக மாறப்போவதில்லை. பிழை கருவியில் இருக்கிறது. இலக்கு வாடிக்கையாளரை அறிவதற்கென்று வகுப்பறையில் கற்பிக்கப்படும் முறை, வாடிக்கையாளரை ஒருநாளும் நேரில் காணாத நிறுவனத்துக்காக உருவானது. அதைத் தன் வாடிக்கையாளரை நாள்தோறும் முகத்துக்கு முகம் காணும் வணிகரின்மேல் அப்படியே சுமத்துவதுதான் இந்தக் கல்வியின் அடிப்படைத் தவறு.

அந்த முறையின் வரலாற்றைச் சற்றே திரும்பிப் பார்த்தால் இது தெளிவாகும். விக்ரம் சாராபாயின் முயற்சியில் 1960இல் பரோடாவில் ஆபரேஷன்ஸ் ரிசர்ச் குரூப் தோன்றியது. பின்னாளில் இந்தியச் சந்தை ஆய்வின் முதன்மை நிறுவனங்களுள் ஒன்றாக அது வளர்ந்தது. அடுத்த ஆண்டே, 1961இல், அகமதாபாத்திலும் கல்கத்தாவிலும் இந்திய மேலாண்மைக் கழகங்கள் எழுந்தன. முன்னதற்கு ஹார்வர்டும் பின்னதற்கு எம்.ஐ.டி.யும் கைகொடுத்தன. அன்றைய தேவை உண்மையானது. சோப்பும் மருந்தும் துணியும் செய்யும் ஆலைக்கும் அவற்றை வாங்கும் வீட்டுக்கும் இடையில் மொத்த வணிகர், முகவர், சில்லறைக் கடைக்காரர் என்று பல படிகள் இருந்தன. வாங்குபவர் யார் என்பதே ஆலைக்குத் தெரியாது. அந்தத் தொலைவைக் கடக்க மாதிரியெடுப்பும் வினாநிரலும் தேவைப்பட்டன.

விளம்பரத்துக்கும் அதே தேவை இருந்தது. 1988இல் நகர்ப்புறக் குடும்பங்களை வகைப்படுத்தும் சமூகப் பொருளாதாரப் பட்டியல் வந்தது. குடும்பத்தின் முதன்மை வருவாயாளரின் கல்வியும் தொழிலும் அதன் இரு அச்சுகள். 2011இல் புதிய பட்டியல் வந்தது. இம்முறை முதன்மை வருவாயாளரின் கல்வியோடு, வீட்டில் உள்ள பொருள்களின் எண்ணிக்கை சேர்ந்தது. மின் இணைப்பு, மின்விசிறி, எரிவாயு அடுப்பு, இருசக்கர வண்டி, வண்ணத் தொலைக்காட்சி, குளிர்சாதனப் பெட்டி, சலவை இயந்திரம், கணினி, கார், குளிரூட்டி, வேளாண் நிலம் என்ற பதினொன்றில் எத்தனை உள்ளன என்று எண்ணி, குடும்பத்தை ஏ1 முதல் இ3 வரையிலான 12 படிகளில் ஒன்றில் நிறுத்துவது அதன் முறை. எந்தத் தொலைக்காட்சி அலைவரிசையில் எந்த நேரத்தை விலைக்கு வாங்குவது என்று முடிவுசெய்ய வேண்டிய நிறுவனத்துக்கு இது பயனுள்ள கருவி. இதைக் குறைசொல்ல வேண்டியதில்லை.

குறை எங்கே தொடங்குகிறதென்றால், இதே பட்டியலைப் பாடநூல் "வாடிக்கையாளரை அறியும் அறிவியல்" என்று பொதுமைப்படுத்தும்போது. 2015-16இல் நடந்த தேசிய மாதிரி ஆய்வின் 73ஆம் சுற்று, வேளாண்மை சாராத, பதிவுபெற்ற கம்பெனிகளாக அமையாத தொழிலகங்கள் நாட்டில் ஏறத்தாழ 6.34 கோடி என்று மதிப்பிட்டது. அவற்றுள் சுமார் 84 விழுக்காடு, கூலிக்கு ஓர் ஆளைக்கூட நிரந்தரமாக வைத்துக்கொள்ளாதவை. அதாவது இந்நாட்டின் மாதிரித் தொழில்முனைவர், தானே சரக்கெடுத்து, தானே விற்று, தானே கடன் வசூலிப்பவர். அவருக்கும் வாடிக்கையாளருக்கும் இடையிலுள்ள தொலைவு ஒரு மேசையின் அகலம். அவர் கேட்கும் கேள்வி "என் வாடிக்கையாளர் எந்த வகுப்பைச் சேர்ந்தவர்" என்பதன்று. எவர் கையில் எந்தக் கிழமை பணம் இருக்கும், எவருக்கு எத்தனை நாள் கடன் கொடுக்கலாம், எவர் அடுத்த வாரம் திரும்பி வருவார் என்பவையே அவர் கேள்விகள். பன்னிரண்டு படிகளில் எந்தப் படியும் இவற்றுக்கு விடை தராது.

சூரத்தை எடுத்துக்கொள்ளலாம். அந்நகரின் விசைத்தறிக் கூடங்களில் ஒடிசாவின் கஞ்சாம் மாவட்டத்திலிருந்து வந்த ஆண்கள் பெருந்தொகையாக உழைக்கின்றனர். வேலை பன்னிரண்டு மணி நேர முறை. ஓர் அறையைப் பலர் பகிர்ந்துகொள்கின்றனர். பகல் முறைக்காரர் எழுந்து சென்ற இடத்தில் இரவு முறைக்காரர் வந்து படுக்கிறார். அவர்களை நம்பி உணவு விடுதிகளும் சிறு தேநீர்க் கடைகளும் பிழைக்கின்றன. அங்கே ஒருவர் புதிதாக ஓர் உணவுக்கடை தொடங்க விரும்புகிறார் என்று கொள்வோம். பாடநூலின்படி அவர் தம் இலக்கு வாடிக்கையாளரை வரையறுக்க வேண்டும். அந்தத் தறித் தொழிலாளி எந்தப் படியில் நிற்கிறார்? அவர் தங்கும் அறையில் எண்ணத்தக்கது ஒரு மின்விசிறி. அவருடைய குடும்பம், நிலம், தொலைக்காட்சி இருந்தால் அதுவும், ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால் கஞ்சாமில் இருக்கின்றன. பட்டியல் குடும்பத்தை அலகாகக் கொள்கிறது. இங்கோ உண்பவர் ஓரிடத்தில், குடும்பம் வேறிடத்தில். அறையை அளந்தால் அவர் அடித்தட்டுக்காரர். ஊர் வீட்டை அளந்தால் இன்னொருவர். இரண்டு அளவும் அவர் நாளை மதியம் எங்கே உண்பார் என்பதைச் சொல்லப்போவதில்லை.

கடை தொடங்குபவருக்குத் தெரிய வேண்டியவை வேறு. முறை மாறும் வேளை எது? இரவு வேலை முடித்து வருபவர் காலையில் முழுச்சோறு உண்பாரா, தேநீரோடு படுத்துவிடுவாரா? கூலி எந்த நாளில் கைக்கு வருகிறது, அதுவரை எத்தனை நாள் கடன் நிற்கும்? ஊருக்கு அனுப்ப வேண்டிய தொகை போக, தம் வயிற்றுக்கென்று அவர் எவ்வளவு ஒதுக்குகிறார்? தீபாவளியையொட்டித் தறிகள் ஓய்ந்து ஆட்கள் ஊருக்குப் போகும் நாட்களில் கடை வாடகையை எங்கிருந்து கொடுப்பது? போனவர் திரும்பிவராவிட்டால் அவர் பாக்கி என்னாகும்? ஆண்டு விற்பனையைப் பன்னிரண்டால் வகுத்து "மாதச் சராசரி" எழுதும் திட்ட அறிக்கை, அந்த மூடிய வாரங்களிலேயே கடையைச் சாய்த்துவிடும். வாடிக்கையாளரை அறிதல் என்பது இங்கே அவருடைய காலத்தை அறிதல்: அவருடைய நாள், கூலிச் சுற்று, ஊர்த்திருவிழா.

இதை உணர்ந்தவர்கள் ஏட்டறிவின் துணையின்றியே சந்தைகளைத் திறந்திருக்கிறார்கள். 1969இல் அகமதாபாத்தில், அரசு அலுவலகத்தில் வேதியியல் பணியிலிருந்த கர்சன்பாய் படேல், தாம் தயாரித்த சலவைத்தூளை மிதிவண்டியில் வீடுவீடாகக் கொண்டுபோய்க் கிலோ மூன்று ரூபாய் அளவில் விற்றார். அன்று பெரிய நிறுவனத்தின் சலவைத்தூள் அதைப் போலப் பல மடங்கு விலை. பார் சோப்பால் துணி துவைத்த வீடுகளைச் சலவைத்தூளின் வாடிக்கையாளர்களாகவே பெரு நிறுவனம் கருதவில்லை. ஒருவர் இன்று எதை வாங்குகிறார் என்று மட்டும் அளக்கும் ஆய்வு, விலை எட்டாததால் வாங்காதவரை "விருப்பமற்றவர்" என்று பதிந்துவிடுகிறது. நிர்மா நாடெங்கும் பரவிய பின்னர்தான், 1980களின் பிற்பகுதியில், இந்துஸ்தான் லீவர் 'வீல்' என்ற மலிவு விலைத்தூளோடு அந்த வீடுகளைத் தேடி வந்தது. கடலூரில் சி.கே. ரங்கநாதன் 1983இல் தொடங்கிய சிக் ஷாம்புவும் இவ்வகையே. பாட்டில் வாங்க முடியாதவருக்குச் சிறு உறை போதும் என்ற முடிவு, அன்றாடக் கூலியில் அன்றாடச் செலவு செய்யும் வீட்டின் பணச்சுற்றைப் படித்ததால் வந்தது.

வினாநிரலின் வீழ்ச்சியை இவற்றைவிடத் தெளிவாகக் காட்டும் நிகழ்ச்சி கோவையில் நடந்தது. மலிவு விலை மாதவிடாய் அணையாடை செய்ய முயன்ற அருணாசலம் முருகானந்தம், தாம் செய்த மாதிரிகளைப் பற்றி எந்தப் பெண்ணும் தம்மிடம் பேச முன்வராததால், மருத்துவக் கல்லூரி மாணவியரிடம் அவற்றையும் கருத்துப் படிவங்களையும் கொடுத்தார். படிவங்களைத் திரும்பப் பெறச் சென்ற நாளில், மாணவியர் சிலர் கூடி அமர்ந்து எல்லாப் படிவங்களையும் அவசரமாக நிரப்பிக்கொண்டிருந்ததைக் கண்டார். அந்தத் தாள்களை நம்புவதில்லை என்று அன்று அவர் எடுத்த முடிவு, பல ஆய்வேடுகளின் முறையியல் இயலைவிட நேர்மையானது. பொருளைத் தாமே அணிந்து பார்க்கும் அளவுக்கு அவர் போனார். பின்னர் அவர் இயந்திரங்கள் மகளிர் குழுக்களிடம் சென்றன. பெண்கள் செய்து பெண்களிடம் விற்றனர். ஆணிடம் பேச முடியாததைப் பேசும் வழி அப்படித் திறந்தது. யார் கேட்கிறார் என்பதைப் பொறுத்து விடை மாறும் என்பது மானிடவியல் மாணவருக்கு முதலாண்டுப் பாடம். மேலாண்மை மாணவருக்கு அது கடைசிவரை சொல்லப்படுவதில்லை.

பெரு நிறுவனங்களும் இதில் இடறியிருக்கின்றன. ஒரு லட்சம் ரூபாய்க் கார் என்று 2008இல் அறிமுகமான டாடா நானோ, இருசக்கர வண்டியில் நெருக்கியடித்துச் செல்லும் குடும்பத்தை இலக்காகக் கொண்டது. அக்குடும்பத்தின் வருமானக் கணக்கு சரி. அதன் மனக்கணக்கு தவறிப்போனது. கார் வாங்கும் குடும்பம் தன் ஏற்றத்தை ஊரார் காணவேண்டும் என்று விரும்புகிறது. "மிக மலிவான கார்" என்ற பெயரோ அவர்களுடைய இல்லாமையையே ஊருக்கு அறிவித்தது. அப்படி விளம்பரமானது தவறு என்று ரத்தன் டாடாவே பின்னர் ஒப்புக்கொண்டார். டாடா குழுமம் அந்த இழப்பைத் தாங்கியது. அடகு வைத்த நகையில் கடை திறந்தவருக்கு அப்படித் தாங்கும் தோள் இல்லை.

இங்கே ஒரு மறுப்பு எழும்: வணிகருக்கே எல்லாம் தெரியுமென்றால் ஆய்வு எதற்கு? கடன் நோட்டே போதாதா?

போதாது. கடன் நோட்டைப் புனிதப்படுத்துவது வினாநிரலைப் புனிதப்படுத்துவதற்குச் சற்றும் குறையாத மடமை. அந்த நோட்டில் வந்தவர்களின் பெயர்கள் மட்டுமே உள்ளன. வாசல்வரை வந்து திரும்பியவர், எதிர்ச்சாரியில் நடந்து போனவர், ஒருமுறை வாங்கி மறுமுறை வராதவர் ஆகியோருக்கு அதில் பக்கம் கிடையாது. மேலும் யாருக்குக் கடன் என்பதைச் சாதியும் உறவும் மொழியும் முடிவு செய்கின்றன. "ஆளைப் பார்த்தாலே தெரியும்" என்று வணிகர் சொல்லும் அனுபவ அறிவில் எவ்வளவு அறிவு, எவ்வளவு முன்முடிவு என்று பிரித்துப் பார்க்க அவரால் இயலாது. ஆய்வாளரின் வேலை அங்கேதான் தொடங்க வேண்டும்.

எதிர்ப்புறத்திலும் அதே சிக்கல் உண்டு. தலித் பெண் ஒருவர் சிற்றுண்டிக் கடை திறந்தால், தெருவில் சிலர் வாங்காமல் கடந்து போவார்கள். அவர்களிடம் ஐந்து புள்ளி அளவுகோலை நீட்டினால் "சுத்தம்" என்ற கட்டத்தில் குறைந்த மதிப்பெண் இடுவார்கள். ஆய்வேடு அதை "தூய்மை குறித்த வாடிக்கையாளர் எதிர்பார்ப்பு" என்று பதியும். பரிந்துரையாகக் கடையின் சுவருக்கு வெள்ளையடிக்கச் சொல்லும். சாதி இப்படித்தான் புள்ளிவிவரத்துக்குள் நுழைந்து "விருப்பம்" என்ற பெயருடன் வெளியேறுகிறது. அண்டைக் கடையில் ஈ மொய்க்கும் பலகாரத்தை அதே ஆட்கள் வாங்கி உண்பதை அரை நாள் நின்று பார்த்த ஆய்வாளர் மட்டுமே இந்தப் பொய்யைக் கண்டுபிடிக்க முடியும். சந்தைப்படுத்தல் பாடநூல்களில் பண்பாடு என்றோர் இயல் இருக்கும். சாதி என்ற சொல்லை அதில் தேடித்தான் பார்க்க வேண்டும்.

வீட்டிலிருந்து தொழில் தொடங்கும் பெண்களுக்கு நேரும் ஏமாற்றம் இன்னொரு வகை. ஊறுகாயோ தையலோ, முதலில் உறவினரிடமும் அண்டை வீட்டாரிடமும்தான் கருத்துக் கேட்கிறார்கள். எல்லோரும் புகழ்கிறார்கள். அந்தப் புகழ்ச்சியை நம்பிக் கடன் வாங்குகிறார்கள். புகழ்ந்தவர்கள் பின்னர் பணம் கொடுத்து வாங்குவதில்லை. "இதை வாங்குவீர்களா?" என்ற கேள்விக்கு மறுமொழியாக மரியாதை மட்டுமே கிடைக்கும். "சென்ற மாதம் ஊறுகாய் எங்கே வாங்கினீர்கள், எவ்வளவு கொடுத்தீர்கள், தீர்ந்ததும் மறுபடி வாங்கினீர்களா?" என்ற கேள்விகளுக்குத்தான் தகவல் கிடைக்கும். நடந்து முடிந்ததைக் கேட்க வேண்டும். நடக்கப்போவதைக் கேட்கக் கூடாது. இந்த எளிய வேறுபாட்டைச் சொல்லித்தர ஒரு பருவம் முழுதும் தேவையில்லை. ஆனால் ஆய்வேடுகளின் வினாநிரல்களில் "வாங்கும் எண்ணம்" என்ற மாறியே இன்னமும் அரியணையில் இருக்கிறது.

வியப்பு என்னவென்றால், கல்விப்புலம் ஏற்க மறுக்கும் இந்த அறிவை நாட்டின் சட்டம் ஏற்றுக்கொண்டிருக்கிறது. 2014ஆம் ஆண்டின் தெரு வணிகர் சட்டம் "இயற்கைச் சந்தை" என்ற கருத்தை வரையறுக்கிறது: விற்பவரும் வாங்குபவரும் மரபாகக் கூடிவரும் இடம். கோயில் வாசல், ரயில் நிலையப் படிக்கட்டு, ஆலைக் கதவு ஆகியவற்றில் கூடை இறக்கியவர் தற்செயலாக அங்கே அமரவில்லை. வாங்குபவரின் நடையைப் படித்து அமர்ந்தார் என்பதே அவ்வரையறையின் உட்பொருள். நகர் விற்பனைக் குழுவில் தெரு வணிகரின் பேராளர்கள் 40 விழுக்காட்டுக்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. ஆயினும் அவர்களைப் புதிய வளாகத்துக்கு மாற்றும்போது, வாங்குபவரின் கால்கள் அங்கே போகுமா என்று அளப்பவர் அரிது. சட்டம் கோரும் கணக்கெடுப்பு விற்பவரைப் பற்றியது. வாங்குபவரைப் பற்றிய ஆய்வைச் செய்யும் கருவியும் ஆட்களும் பல்கலைக்கழகங்களில் இருக்கின்றனர். அவர்களோ வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் படிவம் நிரப்பிக்கொண்டிருக்கிறார்கள்.

பணயமாக இருப்பது ஆய்வேட்டின் தரம் மட்டும் என்றால் இவ்வளவு சினம் தேவையில்லை. 2015இல் தொடங்கிய முத்ரா திட்டம் பிணையில்லாக் கடனை 10 லட்சம் ரூபாய் வரை அறிவித்தது. முன்பெற்ற கடனை ஒழுங்காக அடைத்தவர்களுக்கு அவ்வரம்பு 2024ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் 20 லட்சமாக உயர்த்தப்பட்டது. கடனுக்கான திட்ட அறிக்கைகளில் "சந்தை வாய்ப்பு" என்றொரு பத்தி உண்டு. கணக்கர் ஒருவர் பழைய கோப்பிலிருந்து எடுத்து ஒட்டும் பத்தி அது. விண்ணப்பிப்பவர் அதை வாசிப்பதுமில்லை. அதிகாரி அதை நம்புவதுமில்லை. வாடிக்கையாளரைப் பற்றி எவரும் ஒரு கேள்வியும் கேட்காமல் கடன் கைமாறுகிறது. ஓராண்டில் கடை மூடப்பட்டால் அது "தொழில்முனைவுத் திறன் குறைவு" என்று எழுதப்படும். நகை மூழ்கிய கதையும் பிள்ளையின் படிப்பு நின்ற கதையும் எந்த அட்டவணையிலும் ஏறுவதில்லை.

ஆகவே சில கோரிக்கைகளை வெளிப்படையாக வைக்க வேண்டியிருக்கிறது. சிறு வணிகத்தை ஆயும் மாணவர், அக்கடையில் குறைந்தது ஒரு கூலிச் சுற்று, அதாவது ஒரு மாதம், அமர்ந்து பார்க்கட்டும்: யார் எப்போது வருகிறார், எதைக் கேட்டுக் கிடைக்காமல் திரும்புகிறார் என்று நாள்தோறும் குறிக்கட்டும். பேசப்படுவோரில் சரிபாதிப் பேர் அக்கடைக்கு வராதவர்களாக இருக்கட்டும். ஆய்வின் முடிவு கடைக்காரரின் மொழியில் ஒரு பக்கத்தில் எழுதப்பட்டு அவரிடம் வாசித்துக் காட்டப்படட்டும். அவர் மறுத்துச் சொல்வதும் ஆய்வேட்டில் இடம்பெறட்டும். வாய்மொழித் தேர்வில் புறத்தேர்வாளர் நம்பகத்தன்மைக் குணகத்தைக் கேட்பதற்கு முன் ஒன்றைக் கேட்கட்டும்: இந்த ஆய்வால் அந்தக் கடையின் எந்த முடிவு மாறியது?

பருவத்தில் அதற்கு நேரமில்லை என்பார்கள். ஒரு மாதக் களப்பணிக்கு நேரமில்லாத பாடத்திட்டம், எவருக்கும் பயன்படாத நூறு பக்கங்களை எழுத மூன்று மாதம் ஒதுக்குகிறது. பொதுமைப்படுத்த முடியாது என்பார்கள். நண்பர்கள் நூறு பேரின் படிவத்திலிருந்து இந்திய நுகர்வோரைப் பற்றிப் பொதுமைப்படுத்தும்போது எழாத இந்த ஐயம், ஒரு கடையை முழுமையாக அறிந்தவரைப் பார்த்து மட்டும் எழுவது ஏன்? புள்ளியியல் வேண்டாம் என்பது இங்கே வாதமன்று. எதை எண்ண வேண்டும் என்பதைக் களம் சொல்ல வேண்டும்; அதன்பிறகு எத்தனை நுட்பமாக எண்ணினாலும் வரவேற்கத்தக்கதே.

அடுத்த பருவத்தின் தலைப்புகள் இன்னும் சில வாரங்களில் பதிவாகும். துறைத்தலைவர்கள் கையொப்பமிடும் முன், சென்ற ஆண்டு ஆய்வுக்குள்ளான கடைகளில் எத்தனை இன்று திறந்திருக்கின்றன என்று ஒருமுறை நடந்துபோய்ப் பார்த்து வரட்டும்.